சேர்ந்து விளையாட என்னென்ன வேண்டும்

உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 நெருங்கினால் கல்லூரிகளில் பழகிப்போன ஒரு நிகழ்ச்சி நடக்கும். சிறப்புப் பள்ளியிலிருந்து வேனில் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். மேடையில் இருவர் பாடுவார்கள், ஒருவர் ஆடுவார். தலைமை விருந்தினர் சால்வை போர்த்துவார். கல்லூரி மாணவர்கள் வரிசையில் நின்று பிஸ்கட் பொட்டலம் கொடுப்பார்கள். குழுப்படம் எடுத்து முடித்ததும் வேன் கிளம்பிவிடும். ஐ.நா. சபை 1992-இல் அறிவித்த நாள் இது, கொண்டாடுவதில் தப்பு ஏதும் இல்லை. ஆனால் ஒரே அரங்கில் இரண்டு மணி நேரம் இருந்த இருபது வயதுக்காரர்கள் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாமலே வீட்டுக்குப் போகிறார்கள். மறுவாரம் மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் எதிரெதிரே நின்றாலும் அடையாளம் தெரியாது.

பெயர் தெரிந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற அளவுக்கு இவர்கள் பழக வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு குழுவைக் கட்ட வேண்டும். அது தானாக அமையாது. தனித்தனிப் பள்ளி, தனித்தனி விடுதி, தனித்தனி வேன் என்று பத்துப் பதினைந்து வருடம் பிரித்தே வளர்த்துவிட்டு, ஒரே நாளில் கலந்து பழகச் சொன்னால் யாராலும் முடியாது. இப்படியொரு குழுவை மதுரையிலோ பக்கத்து ஊர்களிலோ தொடங்க நினைப்பவர்களுக்காக, எது வேலை செய்கிறது, எது ஏன் கெட்டுப்போகிறது என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. ஒரு தரப்பு உதவ வந்தது, மறு தரப்பு உதவி வாங்க வந்தது என்று இருக்கும்வரை அங்கே நட்பு வராது. நல்ல மனது இருந்தாலும் வராது. கொடுப்பவருக்குக் கொஞ்ச நாளில் அலுப்புத் தட்டும், வாங்குபவருக்கு நாள்தோறும் நன்றி சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவைத்தார். இரண்டு தரப்பு மனிதர்கள் வெறுமனே ஓரிடத்தில் சந்தித்தால் மனவிலக்கம் குறையாது. இருவருக்கும் சமமான இடம், இருவருக்கும் பொதுவான ஒரு குறிக்கோள், அதை அடைய ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டிய நிலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் கூடிவந்தால்தான் குறையும். நம் கல்லூரி நிகழ்ச்சிகளில் நான்காவது தாராளமாகக் கிடைக்கிறது. முதல்வரும் வருவார், கலெக்டரும் வருவார். முதல் மூன்றும்தான் இருப்பதில்லை.

ஆள் எண்ணிக்கையிலிருந்தே சமம் தொடங்குகிறது. பன்னிரண்டிலிருந்து பதினாறு பேர், அதில் சரிபாதி மாற்றுத்திறனாளிகள். இருபது பேரில் இரண்டே பேர் சக்கர நாற்காலியில் வந்தால் அவர்கள் விருந்தாளி ஆகிவிடுவார்கள். ஒரு சிறப்புப் பள்ளிக்குள் நான்கு கல்லூரி மாணவர்கள் போனால் இவர்கள் பார்வையாளர்கள். பதினாறுக்கு மேலே போனால் அவரவர் தெரிந்த ஆளோடு ஒதுங்கிவிடுவார்கள், குழு இரண்டாகப் பிளந்துவிடும். வயது வித்தியாசம் நான்கைந்து வருடத்துக்குள் இருக்கட்டும். பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவியையும் பத்து வயதுக் குழந்தையையும் சேர்த்துவிட்டு அதை நட்பு என்று சொல்ல முடியாது. அறிவுசார் குறைபாடு உள்ள இருபத்திரண்டு வயது இளைஞரைச் சிறு பிள்ளைகளோடு உட்கார வைக்கிற வழக்கமும் இங்கே அதிகம். அவருக்கு மீசை இருக்கிறது, பிடித்த கிரிக்கெட் வீரர் இருக்கிறார், காதலைப் பற்றிக் கேள்வி இருக்கிறது. அவரோடு பேச வேண்டியவர்கள் அவர் வயதுக்காரர்கள்.

ஆட்களை எங்கே தேடுவது? மதுரையைப் பொறுத்தவரை இது சுலபம். சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்கள் நகரத்துக் கல்லூரிகளில் நிறைய உண்டு. அவர்களுக்குத் தேர்வில் சொல்வதைக் கேட்டு எழுதித் தரப் போகும் மாணவ மாணவியரும் ஏராளம். இவர்களுக்குள் ஏற்கெனவே முகப் பழக்கம் இருக்கும். அந்தப் பழக்கம் ஒரு பக்கமாகவே ஓடுவதுதான் குறை. அந்த ஜோடிகளைக் குழுவுக்குள் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்பாசிரியர்களுக்கு, பள்ளி முடித்துவிட்டு வீட்டோடு முடங்கிக் கிடக்கும் பிள்ளைகள் யார் யார் என்று தெரியும். அவர்களைக் கேட்பது கட்டாயம். கல்லூரிக்கு வந்துவிட்டவர்களை மட்டும் சேர்த்தால், மிகவும் தேவைப்படுகிறவர்கள் விட்டுப்போவார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம் வழியாக ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொண்டர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் காட்ட வேண்டும். இந்தக் குழு மணிக்கணக்கை நிரப்பும் இடமாகிவிட்டால், கணக்கு முடிந்ததும் ஆளைக் காணோம். அதைவிட மோசம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவரின் சேவைப் பதிவேட்டில் ஒரு வரியாகிவிடுகிறார். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. கல்லூரியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களையும் அதே திட்டத்தில் தொண்டர்களாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குழுவில் செலவழிக்கும் நேரம் இருவர் கணக்கிலும் ஒரே மாதிரி ஏறட்டும்.

காசு விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். டீ, வடை செலவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் என்றால் எல்லாரிடமும் 20 ரூபாய். "பாவம், அவங்ககிட்ட எதுக்கு வாங்கிக்கிட்டு" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். அங்கேதான் சமம் உடைகிறது. கொடுக்க வசதியில்லாதவர் எந்தத் தரப்பிலும் இருக்கலாம், அவருக்கு மட்டும் தனியாக, சத்தமில்லாமல் ஏற்பாடு செய்யலாம். பொதுப்பணத்தை வைத்துக் கணக்கு எழுதும் பொறுப்பு சுழற்சியில் எல்லார் கைக்கும் வர வேண்டும். பார்வையற்றவர் கணக்கை கைபேசியில் எழுதிக்கொள்வார். அறிவுசார் குறைபாடு உள்ளவர் இன்னொருவரோடு சேர்ந்து டீக்கடையில் பணம் கொடுத்துச் சில்லறை வாங்கி வருவார். பணம் கைமாறும்போது வரும் மரியாதை, மேடையில் சால்வை போர்த்தும்போது வருவதில்லை.

இடத்தைத் தேடும்போது எல்லாரும் முதலில் மண்டபத்தைப் பார்க்கிறார்கள். முதலில் கழிப்பறையைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் பெண்கள் பலர், வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மதுரை வெயிலில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். கதவு குறைந்தது 90 செ.மீ. அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம், உட்காரும் கோப்பை, பக்கத்தில் பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி, உட்கார்ந்த நிலையில் எட்டும் உயரத்தில் குழாயும் குவளையும். தாழ்ப்பாளும் எட்ட வேண்டும். இதெல்லாம் இருந்தும் துடைப்பம், பக்கெட், உடைந்த பெஞ்சு என்று உள்ளே அடைத்துப் பூட்டி வைத்திருப்பார்கள். முந்தின நாளே சாவியை வாங்கித் திறந்து பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது வாசல்படி. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. 15 செ.மீ. உயரப் படி ஒன்றுக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். பலகையைக் குட்டையாக வெட்டிச் சாய்த்து வைத்தால் பார்க்க சாய்தளம் மாதிரி இருக்கும், ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாயும். சாய்தளமே இல்லாத இடத்தில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கலாம் என்று கிளம்புவார்கள். உட்கார்ந்திருப்பவர் சரி என்று சொன்னால் மட்டும் தூக்குங்கள், அவர் சொல்கிறபடி தூக்குங்கள். கைவைக்கும் பகுதியையும் பாதம் வைக்கும் தட்டையும் பிடிக்கவே கூடாது. பல நாற்காலிகளில் அவை கழற்றி மாட்டுகிறவை. பாதி உயரத்தில் தூக்கும்போது கையோடு வந்துவிடும். அசையாத சட்டக் குழாயைப் பிடிக்க வேண்டும்.

பேருந்து வசதி அடுத்த கேள்வி. தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் துணையாளர் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம். அதனால் அந்தப் பேருந்துகள் அடிக்கடி நிற்கும் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், காளவாசல், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி மாதிரி இடங்களில் ஒரு பள்ளிக்கூட அரங்கம் கிடைத்தால் நல்லது. அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருகிறவர்கள் வண்டியை நிழலில், வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் வேண்டும். நாற்காலியிலேயே வருபவர்களுக்கு ஆட்டோதான். குழுவின் மொத்தச் செலவில் பெரும்பங்கு ஆட்டோவுக்கே போகும். முதல் மாதத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்காத குழுவில், மூன்றாவது மாதத்தில் நடக்க முடிந்தவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

நேரம்: மாதம் இரண்டு முறை, குறிப்பிட்ட கிழமை, இரண்டு மணி நேரம், குறைந்தது ஆறு மாதம். ஞாயிறு என்றால் முகூர்த்த நாட்களில் மண்டபமும் கிடைக்காது, ஆளும் வராது. சித்திரைத் திருவிழா நாட்களில் ஊருக்குள் வண்டி நகராது, அந்தப் பக்கம் திட்டமே போடாதீர்கள். மார்ச் முதல் ஜூன்வரை காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பலருக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. அதனால் உடம்புச் சூடு சட்டென்று ஏறும், அவர்களுக்கே தெரியாமல் மயக்கம் வரும். ஈரத்துண்டும் தண்ணீர் தெளிப்பானும் பையில் இருக்கட்டும். வெயிலில் நின்ற நாற்காலியின் கைச்சக்கர வளையம் கையைச் சுட்டுவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மனநலச் சிகிச்சைக்கும் வலிப்புக்கும் மருந்து எடுப்பவர்கள் சிலருக்கு அதிகாலையில் எழுந்திருக்கவே முடியாது. எல்லாருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று கிடையாது. குழுவில் இருப்பவர்களைக் கேட்டு முடிவு செய்வதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்பதும்தான் வழி.

இனி, கூடி என்ன செய்வது? பேச வைக்கிறேன் என்று வட்டமாக உட்கார வைத்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் முதல் நாளே செத்துவிடும். கைக்கு வேலை கொடுங்கள், பேச்சு பின்னாலேயே வரும். விளையாட்டு இதற்கு வாகானது. அதிலும் எங்கள் முதல் பரிந்துரை கோல்பால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான ஆட்டம் இது. 1976-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று பேர். 18-க்கு 9 மீட்டர் களம், கோல் அந்த 9 மீட்டர் அகலம் முழுக்க. பந்துக்குள் மணி. எதிரணி தரையோடு உருட்டிவிடும் பந்தை, சத்தம் கேட்டு, படுத்து, உடம்பால் தடுக்க வேண்டும். ஆறு பேரும் கண்ணை மறைத்துக்கொள்கிறார்கள். உலகப் போட்டிகளில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே ஆடலாம். ஊர்க் குழுவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, பார்வையுள்ளவர்களும் மறைத்துக்கொண்டு ஆடலாம். ஆடத் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் அரங்கத்தின் நிலவரம் தலைகீழாகிறது. சத்தத்தை வைத்துப் பந்து எங்கே வருகிறது என்று கணிப்பதில் பார்வையற்ற இளைஞர் பல வருடப் பழக்கம் உள்ளவர். பார்வையுள்ளவருக்கு அது அன்றுதான் அரிச்சுவடி. "தம்பி, வலது பக்கம் தள்ளிப் படு, காலை நீட்டு" என்று அவர் சொல்ல இவர் கற்றுக்கொள்கிறார்.

பந்தை வாங்கியாக வேண்டும் என்பதில்லை. போட்டிப் பந்து 1.25 கிலோ எடையுள்ள ரப்பர் பந்து, சுற்றளவு 76 செ.மீ. வாக்கில், எட்டு ஓட்டைகள். ஆண்கள் ஆடும் ஏழாம் எண் கூடைப்பந்தும் கிட்டத்தட்ட அதே சுற்றளவுதான். தேய்ந்துபோன ரப்பர் கூடைப்பந்து ஒன்றை எடுத்து, ஐந்து செ.மீ. நீளத்துக்குக் கீறி, உள்ளே எட்டுப் பத்து சலங்கை மணிகளைப் போடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சலங்கை கிடைக்கும். சின்ன மணியாகப் பார்த்து வாங்காதீர்கள், சத்தம் போதாது. கீறலைச் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் கொடுத்து ஒட்டிவிடலாம். பென்சில் பருமனில் சில ஓட்டைகள் போட்டால்தான் சத்தம் வெளியே வரும். காற்று அடைக்க முடியாது, தேவையும் இல்லை. உண்மையான பந்தில் பாதி எடைதான் இருக்கும், புதியவர்கள் வயிற்றில் படும்போது அது நல்லதே. ஆனால் லேசான பந்து துள்ளும், அதனால் தரையோடு உருட்டித்தான் விட வேண்டும் என்பதில் கண்டிப்பு வேண்டும். பந்தைத் துணிக்கடை பிளாஸ்டிக் உறையில் சுற்றியும் ஆடலாம், சரசரவென்று கேட்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் கிழிந்துவிடும்.

களக்கோட்டைக் கையால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மி.மீ. சணல் கயிற்றைத் தரையில் இழுத்துப் பிடித்து, மேலே ஐந்து செ.மீ. அகல நாடாவை ஒட்டுங்கள். அரங்கம் சிறியதென்றால் 12-க்கு 6 போதும். ஒட்டுவதற்கு முன்னால் தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் புழுதியோடு நாடா உரிந்து காலில் சுற்றும். ஒவ்வொரு வீச்சுக்கு முன்னாலும் நடுவர் "அமைதி" என்று சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்கள் கைதட்டினால் ஆட்டம் கெடும். மின்விசிறிச் சத்தம் மணிச்சத்தத்தை அமுக்கிவிடும் என்பது நம் ஊரில் பெரிய தொல்லை. விசிறியை நிறுத்தினால் புழுக்கம் தாங்காது. ஐந்து நிமிடம் ஆட்டம், ஐந்து நிமிடம் விசிறி என்று பிரித்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை போட்ட கூடங்கள் எதிரொலிப்பதால் திசை குழம்பும், அவை ஆகாது.

கண் மறைப்பு இன்னொரு முக்கியமான சங்கதி. கறுப்புத் துணி வியர்வையில் நழுவும், புதியவர்கள் பயத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். நீச்சல் கண்ணாடியின் உட்புறம் கறுப்புக் காகிதம் ஒட்டினால் நழுவாது. ஓரளவு பார்வை உள்ளவர்களும் கட்டாயம் போட வேண்டும். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. கழற்றி அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் ஒரே ஒரு துணியைப் பத்துப் பேர் கட்டினால் அடுத்த முறை ஒருவரும் வர மாட்டார்கள்.

கண்ணைக் கட்டுவது என்றதும் சிலர் இன்னொன்றைச் செய்கிறார்கள். மாணவர்கள் கண்ணைக் கட்டிப் பத்து நிமிடம் வளாகத்தில் நடக்கவிட்டு, "பார்வையற்றோர் படும் கஷ்டத்தை உணர்ந்தீர்களா" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இப்படிக் கண்ணைக் கட்டித் தடுமாறியவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியும் என்பதை முன்பைவிடக் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் கிடைப்பது பார்வை போன முதல் நாளின் திகில் மட்டும். இருபது வருடம் அப்படியே வாழ்ந்து பழகியவரின் திறமை அதில் தெரியாது. கோல்பாலில் தெரியும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு ஆட, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பின் ஒருங்கிணைந்த விளையாட்டு முறை நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று. ஐவர் கால்பந்தில் களத்தில் மூன்று பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், இரண்டு பேர் இல்லாதவர்கள். எழுவர் ஆட்டத்தில் நான்கும் மூன்றும். பதினொருவரில் ஆறும் ஐந்தும். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆட்டம் கெடுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, குறைபாடு இல்லாதவர் ஒருவர் பந்தை வாங்கிக்கொண்டு தானே ஓடித் தானே கோல் போடுவது. இன்னொன்று, அதற்கு நேரெதிராக வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது. எதிரணிக்கு கோல் போக வழிவிட்டு எல்லாரும் கைதட்டுவார்கள். விட்டுக்கொடுத்தது ஆடுகிறவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். நன்றாகவே தெரியும், அவமானமாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: திறமை ஒத்தவர்களாகப் பார்த்துச் சேர்ப்பது. மாவட்ட அணியில் ஆடும் பையன் இந்தக் குழுவில் ஆட வேண்டாம், ஆட்டம் தெரியாத பையன் வரட்டும். முதல் இரண்டு சந்திப்பில் ஒவ்வொருவரும் பந்தைக் கடத்துவதையும் நிறுத்துவதையும் பார்த்துக் குறித்துக்கொண்டு அதன்பிறகு அணி பிரியுங்கள். விதியை ஒரு நேரத்தில் ஒன்றாகச் செய்து காட்டுங்கள். வாயால் ஐந்தை அடுக்கினால் ஒன்றும் நிற்காது.

நாற்காலியில் இருப்பவர்களும் கால் பாதித்தவர்களும் அதிகம் என்றால் அமர்ந்து ஆடும் கைப்பந்து. 10-க்கு 6 மீட்டர் களம், வலை உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது. கால் நன்றாக உள்ளவர்கள் தன்னையறியாமல் எழுந்து எழுந்து தப்பு வாங்குவார்கள். தரையில் வேகமாக நகர்வதில் மற்றவர்கள் அவர்களை மிஞ்சுவார்கள். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு உணர்ச்சியற்ற இடத்தில் தோல் உரசிப் புண்ணாகும், அவர்களுக்கு வழவழப்பான தரையும் தடித்த கால்சட்டையும் அவசியம்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஆட்டத்தில் தடை மிகக் குறைவு. மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா, பிரேசிலில் 2022 மே மாதம் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கி, அந்த ஆண்டின் அர்ஜுனா விருதும் பெற்றார். சேர்ந்து ஆடும் இரட்டையரில் ஒரே ஒரு மாற்றம் வேண்டும். நடுவில் வரும் இறகுப்பந்துக்கு "மைன்", "லீவ்" என்று கத்துவது பயன்படாது. நடுப்பந்து யாருக்கு, பின்னால் தூக்கி அடித்தால் யார் ஓடுவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே கையால் காட்டி முடிவு செய்துகொள்ள வேண்டும். நடுவர் விசிலோடு கையையும் உயர்த்த வேண்டும்.

காது கேளாதவர்கள் ஒதுங்கிப்போவது ஆட்டத்தின்போது இல்லை, ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரிப்பார்கள், ஒருவர் மட்டும் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நம்பாதீர்கள். பாடு, மாடு இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். மீசை, டீ கிளாஸ், பின்னாலிருந்து அடிக்கும் ஜன்னல் வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் பாதி பேச்சு போச்சு. வட்டமாக உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள். பேசப் போகிறவர் முதலில் கையைத் தூக்கட்டும், அவர் பக்கம் கண் திரும்பிய பிறகு பேசட்டும். கிளாஸைப் பிடித்த கையால் சைகை செய்ய முடியாது என்பதால் மேசை வேண்டும், இடைவேளையும் இருபது நிமிடத்துக்குக் குறையக் கூடாது. முதல் இரண்டு சந்திப்பில் முப்பது சைகை கற்றால் போதும்: பேர், பஸ், டீ, நேரம், புரியலை, திரும்பச் சொல்லு, கழிப்பறை, களைப்பு, சும்மா சொன்னேன் என்பவை. இதைக் காணொளியில் கற்காமல் குழுவில் இருக்கும் காது கேளாதவர்களிடமே கற்க வேண்டும். அவர்களே ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயரும் வைப்பார்கள். மூக்குத்தி, சுருட்டைமுடி, எப்போதும் சட்டைக் கையை மடிப்பது என்று எதையாவது பிடித்துக்கொண்டு வைப்பார்கள். சைகைப் பெயர் வந்துவிட்டால் அந்த ஆளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

வாட்ஸப் குழுவுக்கு இரண்டு விதிகள் முதல் நாளே வேண்டும். குரல் பதிவு போட்டால் கூடவே ஒரு வரி எழுத்தும் போட வேண்டும், காது கேளாதவர்களுக்காக. படமாக அறிவிப்பு போட்டால் அதிலுள்ள தேதி, இடம், நேரத்தைத் தட்டச்சு செய்தும் போட வேண்டும், கைபேசியிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானில் கேட்பவர்களுக்காக. காலை வணக்கப் படங்களுக்கு இடமே இல்லை. நாற்பது படத்தைத் தாண்டிச் சேதியைத் தேடுவது என்பது திரைவாசிப்பானில் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிறவியிலேயே காது கேளாத சிலர் எழுதும் தமிழில் வாக்கிய அமைப்பு வேறு மாதிரி இருக்கும். சைகை மொழிக்கு இலக்கணம் வேறு. திருத்தாதீர்கள், புரியாவிட்டால் காணொளியில் கேளுங்கள்.

பெற்றோர் விஷயத்துக்கு வருவோம். அம்மா அதே அறையில் உட்கார்ந்திருந்தால் எந்த இருபது வயதுப் பையனும் வாய் திறக்க மாட்டான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் அம்மாக்களுக்கு விட்டுப்போகப் பயம் இருக்கும், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கும். முதல் இரண்டு முறை உள்ளே இருக்கட்டும். பிறகு அதே வளாகத்தில் தள்ளி ஓர் அறை, அவர்களுக்கென்று காப்பி, கைபேசியில் எப்போது கூப்பிட்டாலும் எடுக்கும் ஒரு ஆள். அம்மாக்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிய பிறகு உள்ளே எட்டிப் பார்ப்பது தானாகக் குறையும். பெண் பிள்ளைகளை அனுப்ப வைப்பது அதைவிடக் கடினம். துண்டறிக்கை கொடுத்து எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். குழுவில் இருக்கும் பெண்கள் இருவர் நேரில் போக வேண்டும், அம்மாவோடு வீட்டில் முடிவெடுக்கிற பெரியம்மாவையோ பாட்டியையோ பார்த்துப் பேச வேண்டும். யார் கூட்டிப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்று சொல்லி, அதை ஒருமுறைகூடத் தவறவிடாமல் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகளை நம்பிக்கையின்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடிய அறையில் இருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறை உதவி தேவைப்பட்டால் அதற்கென்று வீட்டார் ஒப்புக்கொண்ட, அதே பாலினத்தவர் மட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இருந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் அத்துமீறல் என்று தெரியவந்ததைப் புகார் செய்வது கட்டாயம், பேசி முடிப்பது குற்றம். படம் எடுப்பதை முதல் மூன்று மாதம் அறவே நிறுத்திவையுங்கள். அதன் பிறகும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டே எடுக்க வேண்டும்.

நான்கைந்து சந்திப்புக்குப் பிறகு வெளியே போகலாம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் லிஃப்ட் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவும் இருக்கிறது. சாயங்காலம் என்றால் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம். போகுமுன் நாற்காலிக்காரர் ஒருவரும் நடக்கிறவர் ஒருவரும் அளவு நாடாவோடு போய்ப் பார்த்து வர வேண்டும். படி எத்தனை, கதவு எவ்வளவு, மேசைக்கடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. இருக்கிறதா என்று. கூட்டத்தில் பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார், படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். புரோட்டாக் கடையில் பரிமாறுகிறவர் உங்களைப் பார்த்து "அவருக்கு என்னண்ணே வேணும்?" என்று கேட்பார். பதில் சொல்லாதீர்கள். உங்கள் நண்பர் பக்கம் திரும்பிச் சும்மா இருங்கள். இரண்டு வினாடியில் "எனக்கு ரெண்டு புரோட்டா, சால்னா தனியா" என்று அவரே சொல்வார், அடுத்த முறை கடைக்காரர் அவரையே கேட்பார்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து இளைஞர்களை மதுரைக்கு வரவழைப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. திரும்பிப் போகப் பேருந்து மாறி மாறி, வீடு சேர இருட்டிவிடும். அந்தந்த ஊர் அரசுப் பள்ளியில், அந்தந்த ஊர் வாலிபால் பையன்களோடு குழு அமைந்தால்தான் கடைவீதியில் தினமும் பார்த்துக்கொள்வார்கள். பள்ளி அரங்கமோ மைதானமோ கேட்டு எழுதும் கடிதத்தில், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29, 30 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்கேற்க வழி செய்வது அரசின் கடமை என்று அவை சொல்கின்றன. நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் அனுப்புங்கள்.

குழு ஓடுகிறதா என்பதை வருகைப் பதிவேடு சொல்லாது. சந்திப்பு இல்லாத நாளில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசுகிறார்களா, அடுத்த மாதம் என்ன செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். எல்லா யோசனையும் ஒரு தரப்பிலிருந்தே வந்தால் ஒருங்கிணைப்பாளரை மாற்றுங்கள். ஒருங்கிணைப்பாளர் எப்போதும் இருவர், தரப்புக்கு ஒருவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும்.

ஏப்ரல், மே மாதத்தில் படிப்பு முடிந்து பாதிப் பேர் சென்னை, கோவை என்று வேலைக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் போகிறவர்கள் ஒரே தரப்பினர், மற்றவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஒரே சமயத்தில் ஏழெட்டு நண்பர்கள் காணாமல் போவது, அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருவருக்குப் பெரிய அடி. பிப்ரவரியிலேயே முதலாண்டு மாணவர்கள் நான்கு பேரைச் சேர்த்து, பழையவர்களோடு மூன்று மாதம் ஒன்றாக ஆட வையுங்கள். போகிறவர்கள் போகும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதை நாள்காட்டியில் வட்டமிட்டுக் காட்ட வேண்டும். பந்து, சணல், நாடா, பெயர் எழுதிய கண்ணாடிகள், கணக்கு நோட்டு எல்லாம் இருக்கும் பை, ஊரில் இருக்கப்போகிறவர் வீட்டில் இருக்கட்டும். ஜூனில் கல்லூரி திறந்ததும் முதல் சந்திப்புக்கான சேதியை அவர் அனுப்புவார்.